நீலத்துக்குக் காவல்

பன்னிரண்டு தவணையில் வாங்கிய காற்றுக்குளம்.
நான்காவது தவணை கட்டிய அன்று முதல் ஒட்டு.
கடைசித் தவணை முடிந்தபோது
ஒட்டுகள் ஒன்பது.

சந்தியாகோ தெல் எஸ்தேரோவில்
டிசம்பர் என்றால் நிழலிலேயே நாற்பத்து மூன்று.
மதியத்தில் கடை தூங்கும், வங்கி தூங்கும்,
வங்கி வாசலில் நாய் தூங்கும்.
விழித்திருப்பது வடக்குக் காற்று,
தொண்டை கிழியக் கத்தும் கொயூயோப் பூச்சிகள்,
வலையும் கையுமாக நான்.

அடுத்த வீட்டு சுலேமாவின் அல்கரோபா மரம்
என் குளத்தில்தான் தலை சீவிக்கொள்கிறது.
பொடி இலை, காய்ந்த நெற்று, குளவி,
கத்திக் களைத்த ஒரு கொயூயோ.
கிளையை வெட்டச் சொன்னேன் மார்ச்சில்.
அதிலிருந்து பேச்சு இல்லை.

பிள்ளைகள் மரத்தைவிட மோசம்.
கால் கழுவ விளிம்போரம் பேசின் வைத்தேன்;
நவேல் அதில் ஆமை வளர்க்கிறான்.
பிரீசா கழுவுகிறாள், பொய் சொல்லக் கூடாது,
கழுவிய காலோடு புழுதியில் ஓடிப்
பந்தை எடுத்துவந்து குதிக்கிறாள்.
தண்ணீருக்குள் ஒன்றுக்குப் போவதில்லை என்று
இருவரும் சத்தியம் செய்திருக்கிறார்கள்.
சத்தியத்தை நம்புகிறேன்,
கூடவே அரை மூடி குளோரினையும்.

குளோரினை இரவில்தான் ஊற்ற வேண்டும்.
பகலில் ஊற்றினால் வெயில் குடித்துவிடும்.
இதைக் கற்றுக்கொள்ள
ஒரு ஜனவரி முழுக்கச் செலவானது.
பச்சைத் தண்ணீர் என்றால்
சொன்ன சொல் மாறாத பச்சை.

சப்பாத்து அளவு பம்பு,
அதற்குள் மடிப்பு மடிப்பாய் ஒரு வடிகட்டி.
பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு மடிப்பாய்த் தேய்க்கும்போது
பஞ்சு லாரியிலிருந்து எவரிஸ்தோ போனில் கேட்கிறான்:
"தண்ணீரை மாற்றிவிட வேண்டியதுதானே?"

மாற்றுவதாம்.
மூன்று நாளுக்கு ஒருமுறை, விடிகாலை நான்கு மணிக்கு,
இருமிக்கொண்டு வருகிற குழாய்.
இதை நிரப்பப் பதினொரு நாள் பிடித்தது.
பணம் தண்ணீர் பட்ட பாடு என்பார்கள்.
எங்கள் தெருவில்
தண்ணீர்தான் பணம் பட்ட பாடு படுகிறது.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்க
பெரிய குழாய் வெடித்தது.
முதல் நாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டாம் நாள் மதியம், எல்லோரும் தூங்கும் நேரம்,
இரண்டு வாளியோடு சுலேமா.
கேட்கவில்லை.
குளத்தைப் பார்த்தபடி நின்றாள்.

நான் வலையை எடுத்து
அவள் மரத்து இலைகளை ஒதுக்கி
தெளிந்த இடமாகப் பார்த்து மொண்டேன்.
"கக்கூஸுக்குத்தானே, இலை கிடந்தால் என்ன" என்றாள்.
ஒன்பது மாதத்தில் முதல் வாக்கியம்.
"இருக்கட்டும்" என்றேன்.
என்னுடையதும் அவ்வளவுதான்.

பிறகு எதிர்வீட்டு ஒவீதியோ, தையல்காரி எல்வா,
பெயர் தெரியாத ஒரு பையன், கையில் பெயிண்ட் டப்பா.
குளத்துச் சுவரில் அச்சடித்த மீன்கள்
வரிசை வரிசையாகக் கரையேறின.
"மூணாவது வரிசையும் செத்துப்போச்சும்மா"
என்று கணக்குச் சொன்னாள் பிரீசா.
மிச்சமிருந்த ஒரு சாண் தண்ணீரில்
இருவரும் மல்லாந்து கிடந்தார்கள்,
காது மட்டும் நனைய.

இரவு பழக்கத்தில் பாட்டிலைத் திறந்தேன்.
இவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு?
விரல் விட்டு எண்ணி,
மூடியில் ஒரு சொட்டைத்
திரும்பப் பாட்டிலிலேயே விட்டு,
மீதியை ஊற்றினேன்.

காலையில் குளத்தின் நடுவே
ஒரு தேரை.
கால் கழுவாமல்.